பழைய விதைத் தேயிலையைப் பிடுங்க அவசரப்படாதீர்கள்

ஒரு மாசி வறட்சியில் இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவப் பக்கம் ஒரு சிறுதோட்டக்காரர் கூப்பிட்டிருந்தார். பாதி வீ.பி., அதாவது தண்டு வெட்டி நட்டு வளர்த்த தேயிலை. பாதி வெள்ளைக்காரன் காலத்தில் விதை போட்டு வளர்த்த விதைத் தேயிலை. விதைத் தேயிலையைப் பிடுங்கி முழுக்க வீ.பி. போட வேண்டுமாம். போய்ப் பார்த்தால் வீ.பி. மலை ஒன்றுபோலத் தலை தொங்கிக் கிடந்தது. விதை மலையில் ஒரு மரம் கருகி நிற்க, பக்கத்து மரம் பச்சைப்பசேலென்று இருந்தது.

புல்லு வெட்டிக்கொண்டிருந்த அக்கா சொன்னார்: "இதுல மரத்துக்கு மரம் குணம் வேற ஐயா. வீ.பி. பூராவும் ஒரே வகுத்துப் புள்ளைங்க."

ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்குள்கூட வித்தியாசம் இருக்கும், அக்கா. தண்டு வெட்டி நட்ட வீ.பி. அத்தனையும் ஒரே பிள்ளைதான். ஆணிவேரும் கிடையாது.

1824இல் சீனத் தேயிலையும் 1839இல் அசாம் விதையும் பேராதனைப் பூங்காவுக்கு வந்தன. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரத் துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்ட பிறகு, தேயிலை விதை விதையாக மலையேறியது. சின்ன இலைச் சீனம் குளிர் தாங்கும். பெரிய இலை அசாம் கொழுந்து கொட்டும். தேயிலைப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தை ஏற்காது, பக்கத்து மரத்தைத்தான் தேடும். அதனால் இரண்டும் கலந்தன. முதல் தலைமுறையில் ஆளுக்குப் பாதி. அடுத்தடுத்த தலைமுறைகளில் மரபணுக்களைச் சுமக்கும் 15 சோடி நிறமூர்த்தங்களும் துண்டு துண்டாக மாறிக் கோர்க்கப்பட, அசாமின் விளைச்சலும் சீனத்தின் தாங்குசக்தியும் ஒரே மரத்தில் சேர வழி பிறந்தது. நெருங்கிய இரு இனங்கள் எல்லையில் சந்தித்துக் கலக்கும் இடத்தைக் கலப்பு மண்டலம் என்பார்கள். இயற்கையில் நடக்கும் அந்த வேலையை இங்கே மனிதர் கையே தொடங்கிவைத்தது. வறட்சியும் காற்றும் கவ்வாத்துக் கத்தியும் நூறு வருடமாகச் சலித்து மிஞ்சியவைதான் இன்று நிற்கும் மரங்கள்.

தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் 2000 வரிசை வீ.பி.க்களில் பல, ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே தாய்மரத்தின் வழி வந்தவை. விளைச்சலில் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன். வயிறு நிறைய வேண்டுமே. ஆனால் 1946இல் இலையைத் தாக்கும் கொப்புள நோய் வந்ததுபோல் புதிதாக ஒன்று வந்தால், ஒரே மரபணு கொண்ட மலைக்குத் தப்பும் மரம் என்று ஒன்று இருக்காது.

அவருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: மழை வருமுன் பச்சையாக நிற்கும் மரங்களுக்குப் பெயின்ட் அடையாளம் போடுங்கள். அடுத்த வறட்சியிலும் பாருங்கள். இரண்டு முறையும் தாங்கியவற்றிலிருந்து தண்டு எடுத்து, நாற்றுமேடையில் தனியாக வளர்த்து, எல்லையோரம் இரண்டு வரிசை நடுங்கள். அதுவரை மண்வெட்டியைத் தொடாதீர்கள்.