பழைய தோற்றம் தரும் அலுமினிய மட்காட்: நீடிப்பதும் வெடிப்பதும் எதனால்?

1950களின் பிரித்தானியப் போட்டி மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் மெருகேற்றிய அலுமினியக் கலப்புலோக மட்காட்டுகள் இருந்தன. அந்தச் சாயலை விரும்பி, உருக்கு மட்காட்டைக் கழற்றிவிட்டு அலுமினியத்துக்கு மாறுகிறவர்கள் முதலில் அதன் எடையையே வியக்கிறார்கள். அலுமினியத்தின் அடர்த்தி உருக்கின் அடர்த்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுதான். ஆனால் விறைப்பும் உருக்கினதில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றே என்பதால், தகடு வளையாதிருக்க அதை ஏறத்தாழ 1.4 மடங்கு தடிப்பாக்க வேண்டியிருக்கிறது. அப்படியும் எடை பாதியாகிவிடும்.

கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடற்கரையை ஒட்டிய மரைன் டிரைவ் ஓரமாக நிறுத்தப்படும் வண்டிகளைக் கடற்காற்று விட்டுவைப்பதில்லை. அலுமினியமோ காற்றுப்பட்டவுடன் சில நனோமீற்றர் தடிப்புள்ள ஒட்சைட்டுப் படலத்தைத் தானே போர்த்திக்கொள்வதால், உருக்கைப் போலக் கறள் பிடிப்பதில்லை. எனினும் உப்பிலுள்ள குளோரைட்டு அப்படலத்தை ஆங்காங்கே துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும் என்பதால், நன்னீரால் கழுவித் துடைப்பது அவசியம்.

உண்மையில் மட்காட்டின் ஆயுளைத் தீர்மானிப்பது போல்ட் துளையே. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தின் அதிர்வு தகட்டை இடைவிடாமல் வளைத்து நிமிர்த்துகிறது. மென்னுருக்கு ஒரு குறிப்பிட்ட தகைப்புக்கு (ஓரலகு பரப்பில் தாங்கும் விசைக்கு) கீழே எத்தனை அதிர்வையும் தாங்கும். அலுமினியத்துக்கு அவ்வாறான தெளிவான எல்லை கிடையாது, சிறு தகைப்பும் காலப்போக்கில் அதைக் களைப்படையச் செய்யும். துளையின் விளிம்பில் தகைப்பு பன்மடங்காகக் குவிவதால் வெடிப்பும் அங்கேதான் தொடங்குகிறது. ஆகவே துளையிட்டபின் பிசிறுகளை அரத்தால் நீக்கி, இருபுறமும் றப்பரும் அகலமான வொஷரும் இட்டு, நீண்டு நிற்கும் பின்முனையைத் தாங்குகம்பியால் பிடித்துவிட வேண்டும். துருப்பிடிக்காத உருக்கு போல்ட்டும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டால் ஒரு மின்கலம் போலாகி அலுமினியம் கரையத் தொடங்கும். அந்த றப்பர் இதையும் பெருமளவு தடுக்கிறது.

முன்சில்லில் இன்னொரு கவனமும் தேவை. சில வண்டிகளில் மட்காட்டின் உட்புற உருக்குப் பாலமே முன்சில்லைத் தாங்கும் ஃபோர்க்கின் (fork) இரு கால்களையும் இணைத்து நிறுத்துகிறது. கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்கும் மெல்லிய தகடு அப்பணியைச் செய்யாது. அப்பாலத்தைத் தக்கவைத்து, சஸ்பென்ஷன் முழுமையாக அமுங்கும்போதும் ரயர் எங்கும் உரசாத இடைவெளி இருக்கிறதா என்று பார்த்த பின்னரே துளையிடத் தொடங்க வேண்டும்.