நடவுத் தேதி குறிக்கும் கோயில்கள்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் நெல் விளைவது எரிமலைச் சரிவுகளில். ஆற்றை மறித்து, வாய்க்கால் வெட்டி, படிப்படியாக இறங்கும் வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். பாசனத்தைப் பகிர்ந்துகொள்ளும் விவசாயிகளின் சங்கத்துக்கு சுபாக் என்று பெயர். சுபாக்குக்கு ஒரு கோயில், பல சுபாக்குகளுக்குப் பொதுவாகப் பெரிய கோயில், எல்லாவற்றுக்கும் மேலே பாத்தூர் ஏரியின் தெய்வமான தேவி தானுவின் கோயில். யார் எப்போது நடுவது, எப்போது வயலைச் சும்மா போடுவது என்பதெல்லாம் கோயிலில் கூடி முடிவாகும்.

1970-களில் பசுமைப் புரட்சி வந்தது. குறுகிய கால ரகங்களைக் கொடுத்து, கோயில் முறையைப் பார்க்காமல் அடுத்தடுத்து நடச் சொன்னது அரசு. கொஞ்ச நாளில் தண்ணீர்த் தகராறு, எலி, பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சி, நெல்லைத் தாக்கும் துங்ரோ நோய். மருந்தடித்தும் அடங்கவில்லை.

காரணம் நம் டெல்டா விவசாயிக்குச் சட்டென்று புரியும். தலைமடைக்காரருக்குத் தண்ணீர்க் கவலை இல்லை, கடைமடைக்கு ஏன் விட வேண்டும்? பூச்சிக்குப் பயந்துதான். சுற்றுவட்டாரம் முழுக்க ஒரே சமயத்தில் அறுத்து வயல் காலியாகக் கிடந்தால் பூச்சிக்குத் தீனி இல்லை. கீழே மட்டும் பயிர் பச்சையாக நின்றால் அது அங்கே பிழைத்து மேலே ஏறிவிடும். ஆகவே கடைமடைக்காரர் சேர்ந்து நட வேண்டும், அதற்கு அவருக்குத் தண்ணீர் போக வேண்டும். ஆனால் எல்லோரும் ஒரே நாளில் நட்டால் தண்ணீர் போதாது. எத்தனை ஊர் சேர்ந்து நடலாம் என்பதுதான் சிக்கலே.

மானுடவியலாளர் ஸ்டீபன் லான்சிங்கும் சூழலியலாளர் ஜேம்ஸ் கிரெமரும் 172 சுபாக்குகளைக் கணினியில் உருவாக்கி, அதிகம் விளைந்த அண்டை சுபாக்கைப் பார்த்து நடுமாறு விட்டார்கள். கிட்டத்தட்ட நிஜக் கோயில்களின் அதே குழுக்கள் தாமாகவே அமைந்தன.

அப்படியானால் சாமி எதற்கு? கணினியில் யாரும் வாக்கு மாறுவதில்லை. வயலில் பக்கத்து ஊர்க்காரர் சொன்ன தேதியில்தான் நடுவார் என்று எப்படி நம்புவது? எல்லோரும் கூடுகிற இடம், மாற்ற முடியாத திருநாள், ஏரிக் கோயிலிலிருந்து வரும் தீர்த்தம், அங்கே ஒவ்வொரு சுபாக்கும் கொண்டுபோகும் காணிக்கை. வராதவர் யார் என்பது அன்றே ஊருக்குத் தெரிந்துவிடும். பக்தி எவ்வளவு என்பதைவிட இந்த வெளிச்சம்தான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம்.

2012-இல் யுனெஸ்கோ சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் வயல்கள் விடுதிகளாகிக்கொண்டிருக்கின்றன, தண்ணீரும் அங்கே போகிறது. கோயில் கூட்டத்தால் இதைத் தடுக்க முடியவில்லை. விடுதி முதலாளிக்குப் புகையான் பயம் கிடையாதே.