தசமபாகம் போக மீதி ஒன்பது பங்கு

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சபைகளில் உக்கிராணத்துவம், அதாவது கடவுள் ஒப்படைத்ததைப் பொறுப்பாக நிர்வகிப்பது பற்றிப் பிரசங்கம் என்றால், பேச்சு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கும் தசமபாகத்தில் தொடங்கிக் காணிக்கையில் முடிந்துவிடும். சிவில் வழக்கு நடத்தும் வக்கீலாக நான் பார்ப்பது மீதி ஒன்பது பங்கை. மாதம் தவறாமல் தசமபாகம் செலுத்தி, சபை விருந்தான அசனத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி கொடுத்து, சபைக் கணக்கைப் பைசா பிசகாமல் பார்த்தவர் திடீரென்று இறந்துபோகிறார். உயில் இல்லை. கல்லறைக் கட்டு காய்வதற்குள் பிள்ளைகள் ஆளுக்கொரு வக்கீலைத் தேடுகிறார்கள். பைபிளில் லூக்கா 16-ல் எஜமான் உக்கிராணக்காரனிடம் கேட்டது முழுக் கணக்கை அல்லவா?

உயில் இல்லாவிட்டால் கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பேசும். கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, மகன் மகள் வித்தியாசம் இல்லாமல் பிள்ளைகளுக்குச் சமமாக. மூன்று பிள்ளைகள் என்றால் தலைக்கு 2/9. பிள்ளைகள் இருக்கும்போது இறந்தவரின் தாய்க்குப் பங்கே கிடையாது. இதைச் சொன்னால் யாரும் முதலில் நம்புவதில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தாய்க்குப் பங்கு உண்டு என்பதால் நமக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மகனை நம்பி அவன் வீட்டில் இருக்கும் வயதான அம்மா, மகன் போன மறுநாளே மருமகள், பேரப்பிள்ளைகளின் தயவில் இருக்கிறார். ‘அம்மா ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் இருக்கலாம்’ என்று ஒரு வரி முறையாக எழுதியிருந்தால் போதுமே. தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைத் தாயை வைத்தும் வாசிக்க வேண்டும்.

மகள்கள் விஷயம் இன்னும் வேதனை. “நகை போட்டுக் கட்டிக்கொடுத்தாச்சு, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்மா” என்று, பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்லி அண்ணன்மார் நிற்பார்கள். அந்தத் தங்கச்சிக்குத் தன் பங்கு எவ்வளவு என்பதே தெரியாது. கன்னியாகுமரியையும் உள்ளடக்கிய பழைய திருவிதாங்கூரில், 1916-ம் ஆண்டுச் சட்டப்படி மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இதில் எது குறைவோ அது. கேரளத்துக் கிறிஸ்தவப் பெண்ணான மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986-ல் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951-லேயே ரத்தாகிவிட்டது என்றது. மகன் இல்லாமல் இறந்த செலொப்பியாத்தின் குமாரத்திகள் மோசேயின் முன் நின்று பங்கு கேட்டதும், அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே சொன்னதும் எண்ணாகமம் 27-ல் இருக்கிறது. பிரசங்கத்தில் அதை நான் கேட்டது அபூர்வம்.

சபைக்கு எழுதிவைக்க விரும்புகிறவர்களும் வருகிறார்கள். நெருங்கிய உறவினர் உள்ள கிறிஸ்தவர், தர்மத்துக்கு உயில் எழுதுவதற்கு இருந்த தனிக் கட்டுப்பாட்டை 2003-ல் உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே தடையில்லை. ஆனால் மனைவிக்கும் மனவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கும் ஏற்பாடு செய்யாமல் ஆலயத்துக்கு எழுத வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பெற்றோருக்கு உதவ வேண்டியதைக் ‘கொர்பான்’, அதாவது கடவுளுக்குக் காணிக்கை என்று சொல்லி ஒதுக்கியவர்களை இயேசு கண்டித்தார், மாற்கு 7-ல்.

உயில் வெள்ளைத்தாளில் எழுதினாலே செல்லும். பதிவு கட்டாயமில்லை, செய்தால் நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ உயிலில் ஏதாவது எழுதியிருந்தால் அந்தப் பகுதி கிறிஸ்தவர்களான நமக்குச் செல்லாது. எனவே சொத்துப் பெறும் மருமகனைச் சாட்சியாக்காதீர்கள். அப்புறம், உயில் எழுதியபின் திருமணம் செய்தால் பழைய உயில் ரத்தாகிவிடும். மனைவியை இழந்து மறுமணம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. வங்கி டெபாசிட்டில் நாமினி போட்டாச்சு, போதும் என்பதும் தவறு. நாமினி வாரிசுகளுக்காகப் பணத்தை வாங்கிவைப்பவர், அவ்வளவுதான்.

உயில் எழுதினால் சாவு வந்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு எசேக்கியா ராஜாவைச் சொல்வேன். சாகும் தறுவாயில் இருந்த அவரிடம், வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்தும் என்று தீர்க்கதரிசி ஏசாயா சொன்னபிறகு அவர் 15 வருஷம் வாழ்ந்தார்.

சபையில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிகள், தலைமையாசிரியர்கள் இருக்கிறீர்கள். கணக்குப் பார்க்கவும் நாலு பேரை உட்காரவைத்துப் பேசவும் தெரிந்தவர்கள். யாராவது உங்களை உயிலை நிறைவேற்றும் பொறுப்புக்குக் கேட்டால் ஊழியமாக நினைத்து ஒத்துக்கொள்ளுங்கள். சம்மதித்த அன்றே, அசல் உயிலும் தாய்ப்பத்திரமும் எங்கே இருக்கின்றன என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.