போஸ்: தோரணையா, நிலையா?

"மண்டியிட்ட தோரணையில் மூன்று வீரர்கள், சுடும் தோரணையில் நான்கு பேர், இறக்கும் தோரணையில் ஒருவர்." நெப்போலியன் தோற்ற வாட்டர்லூ போர்க் காலத்து ஆங்கிலேயக் காலாட்படைப் பொம்மைகள் அடங்கிய ஒரு பெட்டியைத் தமிழில் இப்படி விவரித்திருந்தார்கள். 'போஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ஈடாகத் 'தோரணை' என்ற சொல் வருவதை இந்த மாதத்தில் மட்டும் நான்காவது முறையாகப் பார்க்கிறேன். முதல் மூன்றையும் பொறுத்துக்கொண்டேன். 'இறக்கும் தோரணை' என்று படித்த பிறகு முடியவில்லை. மார்பில் குண்டு பாய்ந்து, துப்பாக்கி கைநழுவி, கால் மடங்கிச் சாய்கிற மனிதனை ஒரு சிற்பி 54 மில்லிமீட்டர் உயரத்தில் வடித்திருக்கிறார். அதில் தோரணை எங்கே இருக்கிறது?

முதலில் சொல்லின் பிறப்பு. ஆங்கிலம் 'போஸ்' என்பதைப் பிரெஞ்சிலிருந்து எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுச் சொல்லின் மூலம் பிற்கால இலத்தீன் வினையான 'பௌசாரே'. ஓய்தல், நின்றுவிடுதல் என்று பொருள். 'வைத்தல்' என்று பொருள்படும் 'போனெரே' என்ற இன்னொரு இலத்தீன் வினையின் சாயலும் வழியில் ஒட்டிக்கொண்டது. ஆக, ஓடிக்கொண்டிருந்த ஓர் அசைவு நின்றுபோய், அப்படியே வைக்கப்பட்டிருப்பது போஸ். தமிழில் 'நில்' என்ற வினைக்கும் இந்த இரண்டும் உண்டு. காலூன்றி இருப்பதும் நிற்பதுதான். ஓடுகிறவனைப் பார்த்து 'நில்' என்றால் ஓட்டத்தை விடு என்றுதான் பொருள். அந்த வேரிலிருந்து வந்தது 'நிலை'. இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது ஏன் வெளியே போனார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்தப் பொம்மைகளைச் சேர்ப்பவர்களுக்குப் போஸ் சின்ன விஷயம் அல்ல. லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈய வார்ப்பைக் கொண்டுவந்து விலையைக் குறைத்த நாளிலிருந்தே, எந்தப் படைப்பிரிவு என்ற கேள்விக்கு அடுத்த கேள்வி 'என்ன போஸ்' என்பதுதான். நின்று சுடுபவர், முழங்கால் ஊன்றிச் சுடுபவர், கிடந்து சுடுபவர், துப்பாக்கியைத் தோளில் சாய்த்து நடப்பவர் என்று அன்று வகுத்த சட்டகம் இன்றும் மாறவில்லை. சேகரிப்பவர்களின் ஏக்கமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒரு பெட்டியைத் திறந்தால் பாதிப் பேர் சுடுகிறார்கள், மீதிப் பேர் துப்பாக்கிமுனைக் கத்தியை நீட்டிக்கொண்டு பாய்கிறார்கள். நெப்போலியன் காலத்துத் துப்பாக்கியால் நன்கு பழகிய வீரரே நிமிடத்துக்கு மூன்று முறைக்கு மேல் சுடுவது அரிது. தோட்டா உறையைப் பல்லால் கிழித்து, வெடிமருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கோலால் இடித்து இறக்குவதிலேயே நேரம் போய்விடும். உண்மையான போர்வரிசையைத் தற்செயலாக ஒரு கணத்தில் நிறுத்திப் பார்த்தால், சுடுகிறவர் சிலர். மருந்து நிரப்புகிறவர் பலர். ஆனால் கடைக்கு வரும் பெட்டிகளில் மருந்து நிரப்புபவர் ஒருவர் கிடைத்தால் பெரிது. 'இடிகோல் பிடித்தவர் வேண்டும், உறையைக் கடிப்பவர் வேண்டும், அடிபட்டவரைத் தூக்குபவர் வேண்டும், வெறுமனே காத்திருப்பவர் வேண்டும்' என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த விண்ணப்பங்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். 'காத்திருக்கும் தோரணையில் ஒரு வீரர்.' இதைப் படிக்கும் தமிழருக்கு என்ன தோன்றும்? காத்திருப்பதுபோல் பாவனை செய்கிறவர் என்று தோன்றும். இதுதான் தோரணையின் அடிப்படைச் சிக்கல். தமிழில் தோரணை என்பது ஒருவர் தன்மேல் ஏற்றிக்கொள்ளும் பாங்கு. 'அதிகாரத் தோரணையில் பேசினார்', 'வீட்டுக்காரர் தோரணையில் உள்ளே வந்தார்' என்கிறோம். வீட்டுக்காரரைப் பற்றி அப்படி யாரும் சொல்வதில்லை. வீட்டுக்காரர் அல்லாதவரைப் பற்றித்தான் சொல்கிறோம். 'அடிக்கும் தோரணையில் கையை ஓங்கினான்' என்றால் அடிக்கவில்லை என்று அர்த்தம். அப்படியிருக்க, 'சுடும் தோரணையில் வீரர்' என்றால் சுடாமல் மிரட்டுகிறவர் என்றுதானே ஆகும்? சிற்பி வடித்ததோ விசையை அழுத்திய விரலை.

தோரணைக்காக வாதாடுபவர்களின் பதில் எனக்குத் தெரியும். ஆங்கிலச் சொல்லிலும் இல்லாததைக் காட்டிக்கொள்வது என்ற பொருள் உண்டே, அதனால் தோரணை சரிதானே என்பார்கள். உண்டுதான். பண்டிதர்போல் நடிப்பவரைப் பற்றிப் பேசும்போது தோரணை என்று தாராளமாக எழுதட்டும். அங்கே அது அழகான சொல். ஒரு பிறமொழிச் சொல்லுக்கு நான்கு பொருள் இருந்தால் நான்குக்கும் ஒரே தமிழ்ச் சொல்லைக் கட்டியடிக்க வேண்டும் என்று யார் விதித்தது? மொழிபெயர்ப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எதிரே நிற்கிற பொருளை. அதைப் பார்க்காமல் அகராதியின் முதல் வரியை எடுத்து வைத்துவிட்டுப் போகிறார்கள். புகைப்படத்துக்குப் 'போஸ் கொடுப்பது' என்ற பேச்சுவழக்கு மனத்தில் இருப்பதால், எல்லாப் போஸும் காட்டிக்கொள்வதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள்.

'பாவனை' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். தோரணைக்குச் சொன்ன குறை அதற்கு இரட்டிப்பாகப் பொருந்தும். 'நிலைப்பாடு' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது கட்சிகளுக்கு உரியது.

'கோலம்' மட்டும் நின்று யோசிக்க வைக்கிற சொல். பெருமாள் கோயில்களில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோமே, உருவத்தின் போஸுக்கு இதைவிட நேரான தமிழ் வழக்கு ஏது? மதுரைக் கூடலழகர் கோயிலில் மூன்று தளங்களில் மூன்று கோலத்தையும் சேவிக்கலாம். எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசைதான். ஆனால் கோலத்தில் உடையும் அணியும் சேர்ந்தே வருகின்றன, மணக்கோலம், போர்க்கோலம். சிப்பாய்ப் பொம்மைக்காரர்களுக்குச் சீருடை தனிக் கணக்கு. 1812இன் தொப்பியா, 1815இன் தொப்பியா என்று சண்டை போடுகிறவர்கள் அவர்கள். எனவே சீருடை, ஆயுதம், தோல்பை எல்லாம் சேர்ந்ததைப் போர்க்கோலம் என்று வைத்துக்கொண்டு, உடம்பு எப்படி நிற்கிறது என்பதற்கு நிலை என்று வைப்பதே தெளிவு.

இது நான் புதிதாகக் கட்டிய வழக்கும் அல்ல. அகராதியில் 'வில்லோர் நிலை' என்று தேடிப் பாருங்கள். அம்பு எய்பவர் நிற்கும் வகை நான்கு: பைசாசம், மண்டிலம், ஆலீடம், பிரத்தியாலீடம். காலை எப்படி வைப்பது என்பதைக் கொண்டு பிரித்த வகைகள் இவை. உள்ளே இருக்கும் பெயர்கள் வடமொழியிலிருந்து வந்தவை. ஆனால் வகைக்கு வைத்த பொதுப்பெயர் நிலை. படைக்கலம் ஏந்தியவர் நிற்கும் விதத்துக்கு நம் முன்னோர் எடுத்த சொல் அதுதான். 1415இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிய ஆஜின்கோர் போர்க்களத்து நெடுவில்லாளரைப் பொம்மையாகச் செய்தாலும், நாணை இழுக்கும் நிலை, அம்பைத் தொடுக்கும் நிலை என்று எழுதுவதில் ஒரு தடையும் இல்லை. பள்ளி மைதானத்தில் 'நேராக நில், இயல்பாக நில்' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகவும் இருக்காது.

நிலைக்கு எதிராகச் சொல்லக்கூடிய ஒரு நியாயமான குறை உண்டு. பழைய பொம்மைகளை வாங்குகிறவர்கள் 'நல்ல நிலையில் உள்ளது' என்று சொல்வார்கள்; அங்கே நிலை என்றால் பழுது இல்லாதது. போதாக்குறைக்கு ஏழுநிலைக் கோபுரம் என்கிறோம், அங்கே அடுக்கு. வெறுமனே 'எட்டு நிலைகள்' என்றால் குழப்பம் வரும் என்பது உண்மை. இதற்கு வழி, எந்த நிலை என்பதைச் சேர்த்தே எழுதுவது: சுடும் நிலை, பாயும் நிலை, மருந்து இடிக்கும் நிலை. பழுதைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 'சாயம் உரியாதது', 'கை உடையாதது' என்று நேராகச் சொல்லலாமே. வாங்குபவருக்கும் அதுதான் வேண்டும்.

அந்த விவரிப்பில் என்னை இன்னும் அதிகமாக வருத்தியது 'மண்டியிட்ட' என்ற சொல். இன்றைய தமிழில் மண்டியிடுதல் என்றால் பணிந்துபோதல். செய்தித்தாளைத் திறந்தால் யாராவது யாரிடமாவது மண்டியிட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் ஆங்கிலேயக் காலாட்படை சதுரம் சதுரமாக அணிவகுத்தபோது, முன்வரிசையினர் ஒரு முழங்காலை ஊன்றி, துப்பாக்கியின் அடிக்கட்டையைத் தரையில் அழுத்தி, கத்திமுனையை மேல்நோக்கி நீட்டினார்கள். பிரெஞ்சுக் குதிரைப்படை திரும்பத் திரும்ப மோதியும் அந்தச் சதுரங்களை உடைக்க முடியவில்லை. அன்று ஐரோப்பாவிலேயே பணியாமல் இருந்த முழங்கால்கள் அவை. அவர்களைப் போய் மண்டியிட்டவர்கள் என்று எழுதினால் படிக்கும் பிள்ளை என்ன புரிந்துகொள்ளும்? முழங்கால் ஊன்றிய நிலை என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொரு கொடுமை, இந்தத் துறையில் உருவத்தைக் குறிக்கும் 'ஃபிகர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு எண் என்றும் பொருள் இருப்பதால், 'புதிய படைவீரர் புள்ளிவிவரங்கள் வேண்டும்' என்று இயந்திரம் மொழிபெயர்த்துக் கொடுப்பதும், அதை ஒரு கண் பார்க்காமல் அப்படியே வெளியிடுவதும். உரு என்ற ஈரெழுத்துச் சொல் நம்மிடம் இருக்கிறது.

பேச்சில் 'போஸ்' என்றே சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. சேகரிப்பவர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், எல்லாருக்கும் புரிகிறது. தவறான தமிழைவிடப் புரிகிற கடன்சொல் மேல். தமிழில் எழுதத் துணிந்தால் பொருளைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

ஏனென்றால் ஒரு நிலைக்காக மனிதர்கள் கடிதம் எழுதுகிறார்கள். 2019இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்து ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி, பச்சை பிளாஸ்டிக் சிப்பாய்களில் பெண்கள் ஏன் இல்லை என்று கேட்டு எழுதினாள். பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகரில் இருக்கும் பிஎம்சி டாய்ஸ் என்ற பொம்மை நிறுவனம் அதை ஏற்றுப் புதிய அச்சுகளை உருவாக்கியது. முதலில் காட்டிய மாதிரி, கைத்துப்பாக்கியும் தொலைநோக்கியும் ஏந்திய பெண் கேப்டன். அவரைக் 'கட்டளையிடும் தோரணையில்' என்று தமிழில் எழுதினால், அதிகாரம் இல்லாமல் அதட்டுகிறவர் என்று ஆகிவிடும். அவர் உண்மையிலேயே கேப்டன். கட்டளையிடும் நிலை என்று எழுதுங்கள்.

அந்த வாட்டர்லூப் பெட்டிக்கும் நானே எழுதிப் பார்த்தேன்: "முழங்கால் ஊன்றிய நிலையில் மூவர், சுடும் நிலையில் நால்வர், குண்டடிபட்டுச் சாயும் நிலையில் ஒருவர்." கூடவே, அடுத்த பெட்டியிலாவது தோட்டா உறையைக் கடிக்கும் நிலையில் ஒருவர் வேண்டும் என்று தயாரிப்பாளருக்கு எழுதிப் போட்டிருக்கிறேன்.