கடித்த பிறகு போடும் ஊசி எப்படிக் காப்பாற்றுகிறது?

பக்கத்து வீட்டுப் பையனின் கணுக்காலில் நாயின் இரண்டு பற்கள் பதிந்திருந்தன. அவன் பாட்டி மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக் கொண்டிருந்தார். அதை வைக்க விடாமல், குழாயடியில் அவனை உட்கார வைத்து, துணி சோப்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினோம். கடிகாரத்தைப் பார்த்தபடி முழுதாக 15 நிமிடம். பாட்டி பக்கத்திலேயே நின்று கேட்டார்: "அம்மை ஊசி, போலியோ சொட்டு எல்லாம் நோய் வர்றதுக்கு முன்னாடி குடுக்குறது. இது கடிச்சப்புறம் போட்டா எப்படிப்பா கேக்கும்?"

அருமையான கேள்வி. வெறிநாய்க்கடி நோயைத் தரும் ரேபிஸ் வைரஸ் மெதுவாக நகர்வதால்தான் ஊசி கேட்கிறது.

நாயின் எச்சிலோடு காயத்தில் இறங்கும் வைரஸ், அங்குள்ள தசையில் கொஞ்சம் பெருகி, நரம்பு முனைக்குள் நுழைகிறது. அப்புறம் நரம்பின் உள்ளேயே மூளையை நோக்கி ஏறுகிறது. நாளொன்றுக்குச் சில சென்டிமீட்டர்தான். அதனால் அறிகுறி தெரியப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலேயே வந்துவிடுவதும் உண்டு. முகத்திலோ கழுத்திலோ கடித்தால் மூளை பக்கம். அங்கே ஒரு மணி நேரத்தைக்கூட வீணாக்கக் கூடாது. அறிகுறி தொடங்கிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக யாருமில்லை.

சரி, இத்தனை நாள் இருக்கிறதே, உடம்பே எதிர்ப்புச் சக்தியைத் தயார் செய்துகொள்ளாதா? அதுதான் நடப்பதில்லை. உள்ளே வந்த வைரஸின் அளவு மிகக் குறைவு. நரம்புக்குள் போய்விட்டால் நோயெதிர்ப்பு அணுக்களின் கண்ணில் அது சரியாகப் படுவதில்லை. செல்கள் எழுப்பும் அபாயக் குரலையும் அது அடக்கிவிடுகிறது. எதிரி வந்ததே தெரியாத நிலையில் உடம்பு எதற்குத் தயாராகும்?

தடுப்பூசி அந்த எதிரியை வெட்டவெளியில் நிறுத்திக் காட்டுகிறது. ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த வைரஸ். நோய் தராது, ஆனால் உயிருள்ள வைரஸின் மேலே இருக்கும் அதே புரத முட்கள் இதிலும் உண்டு. தோள்பட்டையில் போட்டதும், அங்கே காவலிருக்கும் செல்கள் அதை விழுங்கி, துண்டுகளை எடுத்துக்கொண்டு அக்குளுக்குப் போகின்றன. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுமே, அந்த நிணநீர்க் கணுதான் போய்ச் சேரும் இடம். அங்கே கோடிக்கணக்கான பி செல்கள் (எதிரியைப் பிடிக்கும் வெள்ளை அணுக்கள்), ஒவ்வொன்றும் வேறு வேறு வடிவப் பிடியோடு காத்திருக்கின்றன. அந்த முள்ளுக்குப் பொருந்தும் பிடி உள்ள சில மட்டும், டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்களின் ஒப்புதலோடு பெருகத் தொடங்குகின்றன. பெருகும்போதே பிடியின் வடிவம் சிறிது சிறிதாக மாறுகிறது. இன்னும் இறுக்கமாகப் பிடிப்பது தங்கும், தளர்வானது அழியும். எனக்கு இந்த முழுக் கதையிலும் ஆச்சரியம் அடங்காத இடம் இதுதான்.

இந்தத் தேர்வுக்கு நேரம் பிடிக்கும். பி செல்கள் அந்தப் பிடிகளைத் தனியாக வெளியே விடும்போது அவைதான் எதிர்ப்புரதம். அது ரத்தத்தில் தலைகாட்டவே ஏழு முதல் பத்து நாள் ஆகலாம். அதனால்தான் தசையில் போடுவதற்கு 0, 3, 7, 14, 28 என்றும், அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடுவதற்கு 0, 3, 7, 28 என்றும் நாள் குறிக்கிறார்கள். முதல் ஊசி போடும் நாளே பூஜ்யம். ஒவ்வொரு ஊசியும் அந்தத் தேர்வை மேலே தள்ளுகிறது. "மூணு போட்டாச்சு, பையன் நல்லாத்தானே இருக்கான்" என்று நிறுத்தாதீர்கள். நன்றாக இருப்பது வைரஸ் இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது.

அந்த முதல் வாரத்துக்கு என்ன செய்வது? சோப்பு ஒரு பங்கைச் செய்துவிடுகிறது. வைரஸின் மேலுறை கொழுப்பு. சோப்பில் அது கரைந்துவிடும். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி என்றால் இம்யூனோகுளோபுலினும் வேண்டும். அது ஏற்கெனவே தடுப்பூசி போட்ட மனிதர்களிடமிருந்தோ குதிரைகளிடமிருந்தோ எடுத்த தயார் நிலை எதிர்ப்புரதம். வைரஸ் இருக்கும் இடத்திலேயே, காயத்துக்குள்ளும் சுற்றிலும் செலுத்துவார்கள். வலிக்கும். பையன் அலறினான், அவன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனாலும் அதைத் தவிர்க்கக் கூடாது.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பாட்டி பயந்ததற்கும் காரணம் இருக்கிறது. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885-ல் முயலின் காய்ந்த தண்டுவடத்திலிருந்து முதல் மருந்தைத் தந்தார். பின்னாளில் இந்தியாவில் ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத்தான் போட்டார்கள். அளவு அதிகம், தினமும் போட வேண்டும், அதற்கு இடமுள்ள தோல் வயிற்றில்தான். அதிலிருந்த மூளைத் திசுவையும் உடம்பு எதிரியாக எண்ணி, சிலருக்குச் சொந்த நரம்புகளையே தாக்கியது. கை கால் முடங்கிப் போனவர்கள் உண்டு. இப்போது வைரஸை ஆய்வகச் செல்களில் வளர்க்கிறார்கள். அந்த ஆபத்து போய்விட்டது.

பையன் கடைசி ஊசியும் போட்டு முடித்துவிட்டான். அவன் உடம்பில் இப்போது நினைவு செல்கள் தங்கியிருக்கின்றன. இன்னொரு முறை கடிபட்டால் அவை சில நாளிலேயே விழித்துக்கொள்ளும். பூஜ்யம், மூன்று என இரண்டு நாள் ஊசி போதும், இம்யூனோகுளோபுலினும் தேவைப்படாது. ஆனால் முன்பு போட்டதற்கு டாக்டர் ஆதாரம் கேட்பார். அந்தச் சீட்டை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வைத்திருக்கிறார் பாட்டி.