லாப்ரடூடில்: இனமா, கலப்பா?

கொழும்பில் நாய்க்குட்டி விற்பவரிடம் ‘கிராஸ்’ என்றால் உடனே விளங்கும். அதையே லாப்ரடூடில் என்று சொன்னால் ஏதோ தனி இனம் போலக் கேட்கிறது, விலையும் ஏறிவிடுகிறது.

லாப்ரடோர், சுருள்முடிப் பூடில் என்ற இரண்டு நாயினங்களின் கலப்பு அது. சொல்லும் ஒட்டுப்போட்டது: லாப்ரடோரின் தலை, பூடிலின் வால். லாப்ரடோர் என்பது கனடாவில் உள்ள ஒரு நிலப்பகுதி. அந்தப் பெயரின் வேர், உழவரைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். நாயின் முன்னோர் வந்ததோ பக்கத்திலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவிலிருந்து! பூடிலின் வேர், தண்ணீரை அளைவதைச் சொல்லும் ஜேர்மன் சொல். இரண்டுமே சுடப்பட்ட நீர்ப்பறவையைக் கவ்விவரப் பழகியவை.

பெயர் 1955இலேயே எழுத்தில் உண்டு. பரவியது 1980களின் இறுதியில். ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண்ணுக்கு வழிகாட்டி நாய் வேண்டும். கணவருக்கோ நாய்முடி ஒவ்வாது. அவுஸ்திரேலியாவின் விக்டோரியாவில் வழிகாட்டி நாய்களை வளர்த்த வொலி கொன்ரன் இந்தச் சோடியைச் சேர்த்தார். பிறந்த 3 குட்டிகளின் முடியையும் உமிழ்நீரையும் அனுப்பிப் பார்த்ததில், கணவருக்கு ஒத்துவந்தது ஒன்றுதான். ‘ஒவ்வாமை தராத நாய்’ என்று விற்பவர்கள் மற்ற இரண்டையும் பற்றிப் பேசுவதில்லை. ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் உமிழ்நீரிலும் தோல் செதிளிலும் இருக்கிறது. முடி கொட்டாவிட்டாலும் அது போகாது.

தமிழில் ‘கலப்பினம்’ என்று எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் ‘இனம்’ ஏமாற்றும்: இனம் என்றால் பெற்றோரைப் போலவே குட்டி வரவேண்டும். லாப்ரடோரும் பூடிலும் சேர்ந்த முதல் தலைமுறையில் பாதிக்குப் பாதி. அதை மறுபடி பூடிலோடு சேர்த்தால் பூடில் பங்கு 75 வீதம். முதல் தலைமுறை இரண்டைச் சேர்த்தால் ஒரே ஈற்றில் சுருள்முடியும் வரும், லாப்ரடோர் போல வழுவழுப்பும் வரும். ஆகவே ‘லாப்ரடோர்–பூடில் கலப்பு’ என்பதே சரி. ‘கலப்படம்’ வேண்டாம், அது மிளகாய்த்தூளுக்கு. எத்தனையாம் தலைமுறை என்று விளம்பரத்தில் இல்லாவிட்டால் தாய், தகப்பன் இரண்டையும் நேரில் காட்டச் சொல்லுங்கள்.

தோற்றத்துக்கு நம்மிடம் ‘சடைநாய்’ இருக்கிறது. சுருள்முடி வந்தால் சடை பிடிக்கும் என்பதையும் அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. கொழும்பு மழைக்கு ஈரம் காயாமல் காதின் பின்னும் கக்கத்திலும் முடி முதலில் திரளும். மேலால் பிரஷ் போட்டால் பளபளக்கும், அடியில் முடிக்கட்டி அப்படியே கிடக்கும். முடியை வகிடெடுத்து, உலோகச் சீப்பு தோலைத் தொடும்வரை இழுக்கவேண்டும். குளிப்பாட்டுவது அதற்குப் பிறகு. நனைந்த கட்டி இறுகிப்போனால் வழிப்பதைத் தவிர வழியில்லை.