பின்தொடை இறுக்கம்: நீட்டுவதற்கு முன் ஒரு சோதனை

"எவ்வளவு ஸ்ட்ரெச் பண்ணாலும் இந்த இறுக்கம் விடவே மாட்டேங்குது." பிசியோதெரபிக்கு வருகிறவர்கள் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்காட்டி அடிக்கடி சொல்வது இதைத்தான். பலர் மாதக்கணக்கில் குனிந்து கால்விரலைத் தொட்டுக்கொண்டிருந்தவர்கள். தசை குட்டையாகிவிட்டது, இழுத்து நீட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிறார்கள். பல நேரங்களில் கோளாறு தசையின் நீளத்தில் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து, குதிகாலைத் தரையில் அழுத்திப் பின்னோக்கி இழுங்கள். அப்படியே முழங்காலின் பின்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு ஓரங்களிலும் கயிறு போல விறைத்து நிற்பவை ஹாம்ஸ்ட்ரிங் எனப்படும் பின்தொடைத் தசைகளை எலும்போடு இணைக்கும் நாண்கள். வெளி ஓரத்தில் இருப்பது பைசெப்ஸ் ஃபெமோரிஸ். அது கீழ்க்காலின் வெளி எலும்பான ஃபிபுலாவின் தலையில் போய் ஒட்டுகிறது. உள் ஓரத்தில் மெலிதாகத் துருத்துவது செமிடெண்டினோசஸ். அதற்கு அடியில் பட்டையாக இருப்பது செமிமெம்பிரனோசஸ்.

உட்காரும்போது இருக்கையில் பதிகிற இடுப்பெலும்பு முனைதான் இவை புறப்படும் இடம். பைசெப்ஸுக்குத் தலை எனப்படும் தொடக்கப் பிரிவுகள் இரண்டு. அவற்றில் குட்டைத் தலை மட்டும் தொடை எலும்பிலிருந்து கிளம்புவதால் முழங்காலை மட்டுமே இயக்கும். மற்றவை இடுப்பு, முழங்கால் இரண்டையும் கடக்கின்றன. தொடையைப் பின்னுக்குக் கொண்டுபோவதும் முழங்காலை மடக்குவதும் இவற்றின் வேலை. கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவிவிடாமல் முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் தசைநாருக்குத் துணையாக நிற்பதும் இவைதான். ஏசிஎல் அறுவை சிகிச்சையில் பல நேரம் செமிடெண்டினோசஸ் நாணையே எடுத்துப் பொருத்துகிறார்கள். அப்படிச் செய்துகொண்டவர்கள் முன்தொடைக்கு மட்டும் பயிற்சி செய்துவிட்டுப் பின்தொடையை மறந்துவிடுவதைப் பார்க்கையில் கவலையாக இருக்கிறது.

இந்தத் தசைக்கு மிகக் கடினமான நேரம் ஓட்டத்தில் வருகிறது. கால் முன்னே வீசி, பாதம் தரையைத் தொடப்போகும் தறுவாயில் இடுப்பு மடங்கியிருக்கும், முழங்கால் நீண்டுகொண்டிருக்கும். தசை நன்றாக நீண்ட நிலையில் இருந்துகொண்டே, வீசி வரும் கீழ்க்காலுக்கு பிரேக் போட வேண்டும். வேகமாக ஓடுகிறவர்களுக்குக் கிழிவு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில், பைசெப்ஸின் நீண்ட தலையில் ஏற்படுகிறது. காலை உயரத் தூக்கி உதைப்பவர்கள், நடனக் கலைஞர்கள் ஆகியோருக்கு செமிமெம்பிரனோசஸின் மேல்பகுதி அடிபடுவதுண்டு. முதல் நாள் வலி குறைவாகத்தான் தெரியும். ஆறுவதற்கோ கூடுதல் காலம் பிடிக்கும்.

சரி, அந்த இறுக்கம்? நாற்காலி விளிம்பில் முதுகைக் கூனி, தலையைக் குனிந்து உட்காருங்கள். பின்தொடையில் இறுக்கம் தெரியும்வரை முழங்காலை மெதுவாக நீட்டுங்கள். காலை அசைக்காமல் தலையை மட்டும் நிமிர்த்துங்கள். இறுக்கம் சட்டென்று தளர்ந்தால் கீழ்முதுகிலிருந்து பின்தொடை வழியாக இறங்கும் சயாட்டிக் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். கழுத்தை நிமிர்த்தினால் ஹாம்ஸ்ட்ரிங்கின் நீளம் மாறாது, நரம்பின் இழுவிசை மாறும். எரிச்சலுற்ற நரம்பைத் தினமும் வலுக்கட்டாயமாக இழுத்தால் தொந்தரவு கூடத்தான் செய்யும். இடுப்பு முன்பக்கமாகச் சாய்ந்தபடியே இருப்பவர்களுக்கும் தசை ஏற்கெனவே நீண்டு இழுபட்டிருப்பதால் இறுக்கமாகத் தோன்றலாம். உட்கார்ந்தால் புட்டத்தின் அடியில் ஆழமாக வலிக்கிறது என்பவர்களுக்கு நாணின் மேல்முனையில் பாதிப்பு இருக்கக்கூடும். முழுக்கக் குனிந்து நீட்டும்போது அந்த நாண் எலும்பில் அழுந்தி நசுங்கும். இவர்களை முதலில் அந்தப் பயிற்சியை நிறுத்தச் சொல்கிறேன்.

ஓடுகிறவர்களுக்கு நான் வலியுறுத்துவது, நீளும்போதே தாங்குகிற பலம். மண்டியிட்டு, ஒருவர் கணுக்கால்களை அழுத்திப் பிடித்துக்கொள்ள, முழங்காலிலிருந்து தலைவரை நேராக வைத்து முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்வது நார்டிக் பயிற்சி. இதைச் சேர்த்துக்கொண்ட விளையாட்டு அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததாக ஆய்வுகள் காட்டுகின்றன. புதியவர்கள் மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜில் தொடங்கலாம். நார்டிக்கை ஆரம்பத்தில் நான்கைந்து முறைக்கு மேல் செய்ய வேண்டாம், மறுநாள் நடக்கவே சிரமமாகிவிடும். ஏற்கெனவே ஒருமுறை கிழிந்த தசை மீண்டும் கிழியும் வாய்ப்பு அதிகம் என்பதால், நடக்கும்போது வலி இல்லை என்பதை மட்டும் வைத்து முழு வேக ஓட்டத்துக்குத் திரும்பாதீர்கள்.

'டப்' என்ற உணர்வோடு வலி வந்து, பின்தொடையில் ரத்தக்கட்டு பரவி, ஊன்றி நடக்க முடியாமல் போனால் உடனே மருத்துவரைப் பாருங்கள். நாண் எலும்பிலிருந்து பிய்ந்திருக்கலாம். கால் வலியோடு பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ சிறுநீர் கழிப்பதில் மாற்றம் தெரிந்தாலோ அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போக வேண்டும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு நாண் அறுவதைவிட, அது ஒட்டியிருக்கும் எலும்புத் துண்டே பெயர்ந்து வருவதுண்டு. ஓடும்போது திடீரென்று புட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்குச் சுளுக்கு என்று உருவிவிடாமல், முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்.